கம்பிமேல் ஆறு பொட்டு

சுருதி சேர்க்க வந்த வாஜித், பியானோவின் மூடியைத் தூக்கி நிறுத்தி, செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தார்.

கம்பிகளின் மேல் ஆறு ஸ்டிக்கர் பொட்டுகள். அரக்கு நிறம்.

"வேர்த்த கையால உள்ள நோண்டிக்கினே இருந்தா துரு ஏறாம இன்னா ஆகும் சார்? பத்தாததுக்குப் பொட்டு வேற. கோந்து இறங்குனா சத்தமே செத்துடும்."

தலைமையாசிரியர் வேதாந்தத்துக்கு முகம் சிவந்தது. மந்தைவெளியிலேயே பியானோ வைத்திருக்கும் ஒரே பள்ளி என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொள்பவர் அவர்.

கட்டைகளை விட்டுவிட்டு, உள்ளே கைவிட்டுக் கம்பிகளை மீட்டுகிறவள் இங்கே ஒருத்திதான். ஒன்பதாம் வகுப்பு பூஜா. சனிக்கிழமை தேனாம்பேட்டையில் போட்டி. பழகும்போது எந்தக் கம்பி என்று தேடாமலிருக்கத்தான் அந்த அடையாளம்.

கூப்பிட்டதும் பூஜா வந்தாள். மீட்டியதை ஒப்புக்கொண்டாள். பொட்டு ஒட்டியது யார் என்றதற்கு வாயைத் திறக்கவில்லை.

வேதாந்தம் போட்டிப் பட்டியலில் அவள் பெயரை அடித்தார். பியானோவுக்குப் பூட்டு வாங்கிவரச் சொன்னார்.

பாவம், ஆறு மாதமாக மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்து பழகியவள்.

இசை ஆசிரியை சாருலதா ஜன்னலோரம் நின்றிருந்தாள். எல்லாம் பக்கத்து வீட்டில் நடப்பதுபோல் கேட்டது. கொஞ்ச நாளாக எல்லாமே அப்படித்தான் கேட்கிறது.

"ஒட்டினது நான்தான் சார். என் பொட்டுதான்."

வாஜித் வெளிச்சத்தை அணைத்தார். பூஜா தரையைப் பார்த்தாள்.

வேதாந்தத்தின் குரல் இறங்கிவிட்டது. நல்ல மனிதர்தான்.

"அவளைக் காப்பாத்தறதுக்காக இப்படியெல்லாம் சொல்லாதீங்கோம்மா. உங்ககிட்ட ஏது பொட்டு?"

கைப்பைக்குள் அந்த அட்டை இருந்தது. கணவர் இறப்பதற்கு முந்தைய வாரம் வாங்கியது. நாலு பொட்டு இன்னும் மிச்சம்.

தூக்கிப்போட மனசு வரவில்லை. நெற்றியில் வைத்துக்கொள்ளவும் வீட்டில் விடவில்லை. கம்பிக்காவது ஆகட்டும் என்று ஒட்டினாள், அவ்வளவுதான்.

இப்போது அட்டையை எடுத்து நீட்டினால் போதும். சனிக்கிழமை பூஜா வாசிப்பாள். ஆனால் இத்தனை நாளாக அதை ஏன் பையில் வைத்திருக்கிறாய் என்று எல்லோர் கண்ணும் கேட்கும்.

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வெட்கமாவது வரும் என்று நினைத்தாள். ஒன்றும் வரவில்லை.

"ஆமாம் சார், அவளுக்காகத்தான் அப்படிச் சொன்னேன்" என்றாள்.

பூஜா அப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.