ஐந்தாவது சொல்

"சாவி, ஆறு, தொப்பி, மணி, எலுமிச்சை. இந்த அஞ்சையும் மனசுல வச்சுக்கங்க மேடம், அப்புறம் கேப்பேன்" என்றார் டாக்டர் காஸ்பர்.

டெலா மெரிக் ராணி மாதிரித் தலையசைத்தாள். ராணியாகவும் நடித்தவள்தானே! கன்னியாஸ்திரி, கொலைகாரி, லாரி ஓட்டுகிறவள் என்று நாற்பது வருஷத்தில் அறுபத்தொரு படம். வசனம் மறந்துபோனால் நடிகர்கள் "லைன்" என்பார்கள், பக்கத்தில் இருப்பவர் எடுத்துக்கொடுப்பார். டெலா ஒரு தடவைகூட அப்படிக் கேட்டதில்லை.

இவர் இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பிய டாக்டர். இவர் கையெழுத்துப் போடாமல் ஹாலிவுட்டில் கேமரா ஓடாது. பதினோரு வருஷம் கழித்து வந்த கதாநாயகி வேஷம். போனால் போனதுதான்.

பக்கத்தில் மகள். கொஞ்ச நாளாக அம்மா அவளை "செல்லம்" என்றுதான் கூப்பிடுகிறாள். நாற்பது வயதில் கிடைத்த கொஞ்சல். மகளுக்கு உள்ளூர சந்தோஷம்.

நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார் டாக்டர்.

"கணக்குல நான் சின்ன வயசுலேருந்தே மக்கு, டாக்டர். அதை வியாதியில சேத்துடாதீங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். அப்பாடா என்றிருந்தது மகளுக்கு.

"சரி, அந்த அஞ்சு சொல்லு?"

"படகு, விளக்கு, குதிரை, ரொட்டி..." குரல் கணீரென்று இருந்தது.

மகள் சட்டென்று நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். ஐயோ, இது படத்து வசனம்! நினைவு தப்பிய டீச்சராக நடித்து அம்மா விருது வாங்கிய படம். அப்போது மகளுக்கு ஒன்பது வயது. சமையலறையில் அவள்தான் டாக்டராக உட்கார்ந்து ஒத்திகை பார்த்தாள். நான்கு சொல் சொல்லிவிட்டு, ஐந்தாவது வராமல் அம்மா அழ வேண்டும்.

அந்த ஐந்தாவதை அடித்துவிட்டு, அம்மாவே மகளின் பெயரை எழுதிக்கொண்டாள். "உன் பேரே மறந்துபோச்சுன்னு நெனச்சாத்தான்டி எனக்கு அழுகை வரும்."

ஒவ்வொரு டேக்கிலும் வந்தது.

இப்போதும் அதே இடத்தில் நிறுத்தினாள். மகள் அந்தக் கண்ணீருக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. அம்மா மெல்ல அவள் பக்கம் திரும்பினாள்.

"லைன்."

டாக்டர் பேனாவை மூடினார்.

மகள் தன் பெயரை எடுத்துக்கொடுத்தாள். "ஆலிவ்."

"ஆலிவ்" என்று டாக்டரிடம் திருத்தமாகச் சொன்னாள் டெலா. பிறகு மகளின் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"தேங்க்ஸ், செல்லம்."