குதிரை செத்த பக்கம்

தேர்வு நடத்த வெளியூரிலிருந்து வந்திருந்த எக்ஸ்டர்னலின் விரல் புத்தகத்தின் நடுப்பக்கத்தில் வந்து நின்றதும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

அந்தப் பக்கம் எனக்கு அத்துப்படி.

அதாவது, லத்தீன் அத்துப்படி இல்லை. அதன் தமிழ் மொழிபெயர்ப்பு அத்துப்படி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வகுப்பில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

எல்லோரும் என்றால் மேடம்தான். எங்கள் லத்தீன் துறையில் ஆசிரியர் அவர் ஒருவர், மாணவன் நான் ஒருவன். வகுப்பின் முதல் மாணவனும் நானே, கடைசி மாணவனும் நானே.

வாய்மொழித் தேர்வில் ஏற்கெனவே ஒருமுறை கவிழ்ந்தாயிற்று. இன்றும் கவிழ்ந்தால் பட்டம் கிடையாது, நேராக மாமாவின் டயர் கடைதான். மாமா எனக்கென்று ஸ்டூல்கூட வாங்கிப் போட்டுவிட்டார்.

"படிச்சு அர்த்தம் சொல்லு தம்பி" என்றார் எக்ஸ்டர்னல். நரைத்த தலை, காதில் மெஷின். பக்கத்து நாற்காலியில் மேடம்.

லத்தீனை ரயில் வேகத்தில் வாசித்துத் தள்ளினேன். பிறகு தமிழை அவிழ்த்துவிட்டேன். சீனியர் சீனியராகக் கைமாறி என்னிடம் வந்து சேர்ந்த ஜெராக்ஸ். எழுதிய புண்ணியவான் யாரென்று தெரியாது. ஆனால் என்ன நடை! படை ஆற்றைக் கடந்தது. அம்பு பாய்ந்தது. குதிரை சாகிற இடத்தில் குரலைக் கொஞ்சம் உடைத்தேன். கண்ணாடி முன்னால் நின்று பழகியது.

கைதட்டலுக்குத் தயாராக நிமிர்ந்தேன்.

"தம்பி, இதுல குதிரையே கிடையாதே. செத்தது தளபதிப்பா."

குப்பென்று மாமா கடை ரப்பர் வாசனை அடித்தது.

நான் ஒரு வரியை ஒப்பித்தாலே "லத்தீனா, கிளிப்பேச்சா?" என்று சீறுகிற மேடம் ஏனோ வாயைத் திறக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜன்னல் சாத்தியிருந்தது.

எக்ஸ்டர்னல் தன் பையிலிருந்து நான் பார்த்தேயிராத ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். "இந்தப் பக்கத்துல நிஜமாவே ஒரு குதிரை இருக்கு. எங்கன்னு காட்டு. அது என்ன பண்ணுதுன்னு சொல்லு. போதும்."

இதற்கு எந்தச் சீனியரிடமும் ஜெராக்ஸ் இல்லை.

வேறு வழியில்லாமல், படிப்பில் சேர்ந்த பிறகு முதல்முறையாக, லத்தீன் வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். யார், யாரை, எங்கே. பாதியில் வரியைத் தவறவிட்டு மறுபடி மேலிருந்து இறங்கினேன். சுவர். கிணறு. அதற்குப் பக்கத்தில்...

விரலை வைத்தேன். "தண்ணி குடிக்குது சார்."

"யாரோட குதிரை?"

"விவசாயியோடது. இல்ல, இருங்க சார், பக்கத்து வீட்டுக்காரனோடது. ஐயோ, இவன் திருடிட்டு வந்திருக்கான் சார்!"

அவர் சிரித்துவிட்டார். தாளில் 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பேனாவை மூடிக்கொண்டே மேடம் பக்கம் திரும்பினார்.

"உன் ஸ்டூடண்ட் தேவலைம்மா. என்கிட்ட வாய்மொழித் தேர்வுக்கு வந்தன்னைக்கு நீயும் இதே மாதிரி குதிரையைக் கொன்னுட்டு, குதிரையைக் காட்டச் சொன்னா ஆட்டைக் காட்டின."