பக்கத்து சீட்

“வந்திருக்கறவங்க: தலைவர், செயலாளர் நான், பொருளாளர், அப்புறம் நம்ம பட்டாசு. நாலே பேர்தான். எழுதிட்டேன், சண்டையை ஆரம்பிக்கலாம்” என்றாள் செயலாளர் அக்கா.

விமானிகள் சங்கத்தின் அறை, விமான நிலையத்தின் பின்பக்கம், சாமான் வண்டிகள் நிற்கும் இடத்துக்கு மேலே இருந்தது. ஒவ்வொரு விமானம் கிளம்பும்போதும் ஜன்னல் கண்ணாடி கடகடத்தது. அப்போதெல்லாம் பேச்சை நிறுத்தி, சத்தம் அடங்கியதும் தொடர்வது அங்கே பழக்கம். துணை விமானி பட்டாசு மட்டும் நிறுத்துவதில்லை. விமானத்தையும் மிஞ்சிக் கத்துவான்.

“சம்பளத்தை ஏத்தித் தரேன், களைப்பு விதியை மட்டும் கேக்காதேங்குது நிர்வாகம். நம்ம தலைவரும் சரின்னு கையெழுத்துப் போடப் போறாராம்! இதுக்கு எதுக்குச் சங்கம்?”

களைத்துப்போன விமானியை இறக்கிவிடப் பக்கத்து சீட்டில் இருப்பவர் சொன்னால் போதும்; இறங்கியவருக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது, விசாரணை வைக்கக் கூடாது. அதுதான் அந்த விதி. இப்போதைக்கு இறங்கினால் இரண்டுமே உண்டு.

“போன மாசம் களைப்புன்னு இறங்கி விசாரணை வாங்கினவன் நீதானே? அதான் சூடு” என்றாள் அக்கா.

“ஆமாக்கா, நான்தான். இன்னொண்ணு வந்தா என் வேலை காலி. வீட்டுல ரெண்டு குழந்தைங்க இருக்கு. சூடு வராம குளிரா வரும்?”

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தம்பி, எல்லாத்தையும் ஒரேயடியாக் கேட்டா கைக்கு வந்ததும் போயிடும். சம்பளத்தை வாங்கிப்போம். விதியை அடுத்த ஒப்பந்தத்துல பார்ப்போம்.”

“அதுவரைக்கும் தூங்கி வழியறவனைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நான் பறக்கணுமா? பின்னாடி உட்கார்ந்திருக்கற ஜனத்துக்கு யாரு பதில் சொல்றது?”

“மெதுவாப் பேசு. எனக்குச் சாயந்திரம் ஃப்ளைட் இருக்கு.”

“அடேங்கப்பா! எனக்கும்தான் இருக்கு. நான் பீத்திக்கறேனா? நீங்க ஓட்டறதே அபூர்வம். நிர்வாகத்தோட உட்கார்ந்து டீ குடிக்கவே உங்களுக்கு நேரம் சரியாப் போகுது.”

பொருளாளர் சிரித்தார். அவர் பட்டாசின் மச்சான். தன் தங்கையை அவனுக்குக் கட்டிக் கொடுத்த நாளிலிருந்து அவன் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறவர்.

அக்கா சாண்ட்விச் தட்டை நடுவில் நகர்த்தினாள். முட்டை சாண்ட்விச்சை எடுத்துக் கடிக்கப் போன தலைவர், பட்டாசின் வாயிலும் முட்டையே இருப்பதைப் பார்த்து, தன்னுடையதைத் தட்டிலேயே வைத்துவிட்டு சீஸை எடுத்துக்கொண்டார்.

“பார்த்தீங்களா மச்சான்? நாம திங்கறதைத் தின்னாக்கூட தலைவருக்குக் கௌரவம் குறைஞ்சிடும்!”

தலைவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “ராத்திரி தூங்கினியா தம்பி?”

“தூக்கமா? விடியற வரைக்கும் ஒருத்தர் விடாம போன் போட்டு உங்களுக்கு எதிரா ஆள் சேர்த்தேன். காலையில போன் செத்தே போச்சு. சார்ஜ் போடக்கூட நேரமில்லை. தலைவன்னா இப்படி உழைக்கணும்!”

சொல்லிக்கொண்டே காபியில் சர்க்கரை போட்டான். ஏற்கனவே போட்டிருந்ததை மறந்துவிட்டான். மூன்றாவது கரண்டியும் உள்ளே போனது. தலைவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓட்டுக்கு விடுங்கக்கா. விதி இல்லாம கையெழுத்து இல்லை. முடியாதுன்னா தலைவர் விலகட்டும், நான் அந்த நாற்காலியில உட்காரறேன்.”

பட்டாசு கையைத் தூக்கினான். மச்சானின் கையும் எழுந்தது. அக்கா கைகளைக் கட்டிக்கொண்டாள். “தலைவரும் நானும் எதிர்ப்பு. ரெண்டுக்கு ரெண்டு. தீர்மானம்...”

ஜன்னல் கடகடத்தது. அக்கா நிறுத்திக்கொண்டாள். சத்தம் அடங்கியபோது தலைவரின் கை மேலே இருந்தது.

“அண்ணே, நீங்க எதுக்குத் தூக்கறீங்க?” அக்கா பதறினாள்.

“களைச்சவன் பறக்கக் கூடாது. தம்பி சொல்றது சரிதான். ஆனா நிர்வாகத்துக்கிட்ட அதை வாங்க என்னால ஆகாது. இனி நீயே தலைவர்.” வாயைத் துடைத்துக்கொண்டு, சங்க அறைச் சாவியைப் பட்டாசின் முன்னால் வைத்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

“மனுஷனைப் பேசியே மடக்கிட்டீங்களே மாப்பிள்ளை!” மச்சான் முதுகில் தட்டினார்.

பட்டாசுக்குக் கால் தரையில் பாவவில்லை. வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக் கை குலுக்கி நேரம் போனதே தெரியவில்லை. கடைசியில் பணி வருகைப் பதிவில் எதையும் படிக்காமல் கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு விமானத்துக்கு ஓடினான்.

“குண்டு கேப்டன், சேதி தெரியுமா? சாய்ச்சுட்டேன் பெரிசை!” என்று கத்திக்கொண்டே காக்பிட்டுக்குள் நுழைந்தான்.

இடது சீட்டில் இருந்தவர் திரும்பினார்.

“குண்டுக்குக் காய்ச்சல். காலையிலேயே அவனுக்குப் பதிலா என்னைப் போட்டுட்டாங்க. உன் போன்தான் செத்துப் போச்சே” என்றார் பழைய தலைவர்.

ஒரே விமானத்தை ஓட்டுகிற இருவர் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுவதில்லை. சாப்பாடு கெட்டிருந்தால் இருவரும் சேர்ந்து விழுந்துவிடக் கூடாது என்பதற்காக. அந்த சீஸ் சாண்ட்விச் பட்டாசுக்கு இப்போதுதான் உறைத்தது.

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே அண்ணே...”

“சொல்லியிருந்தா ஓட்டுக்காக மிரட்டறேன்னு கத்தியிருப்பே. தூங்கலைன்னு நீயே உன் வாயால சொன்னே. பையை எடு. உனக்குப் பதிலா ஆள் வந்தாச்சு.”

“அண்ணே! விதி இன்னும் கையெழுத்தே ஆகலையே! எனக்கு விசாரணை வந்துடுமே!”

“அதை என்கிட்ட ஏம்பா சொல்றே? போய்ச் சங்கத் தலைவரைப் பாரு.”

மாற்று விமானி உள்ளே நுழைய, பட்டாசு வெளியே வந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் காக்பிட் கதவு சாத்திப் பூட்டிக்கொண்டது.