விலை ஏறாத கடை

"அக்கா, எனக்குப் பில் வேணும்."

கடைக்கார அக்காவின் கரண்டி குழம்புச் சட்டியிலேயே நின்றது. அந்தச் சொல்லை எந்தக் கடையிலும் வாய் திறந்து கேட்கக் கூடாது என்பதுதான், வேலையில் சேர்ந்த அன்று எடிட்டர் அவளுக்குப் போட்டிருந்த முதல் உத்தரவு. சாப்பிடு, கேட்ட காசைக் கொடு, வெளியே வந்து விலையைக் குறித்துக்கொள். பில் கேட்டால் வந்திருப்பது யார் என்று கடைக்காரருக்குத் தெரிந்துவிடும்.

தெரியட்டும். இன்றைக்குத் தெரிய வேண்டும் என்றுதான் வந்திருந்தாள்.

"பில்லா? ஆறு வருஷமா சாப்பிடறே, இன்னைக்கு என்னடி புதுசா?" அக்கா சிரித்தாள். "அதுவும் இந்தக் கூட்டத்துல வந்து நிக்கிறே. மூணு மணிக்கு வான்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? முப்பதை வச்சுட்டுப் போ. ஆபீசுக்கு நேரமாகலையா?"

"ஆபீஸ் வேலையாத்தான் வந்திருக்கேன்."

காசை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் பயணிகளுக்கு, எந்தத் தெருவில் எவ்வளவுக்கு வயிறு நிறையும் என்று கைப்பேசியில் சொல்லும் வழிகாட்டி ஒன்றை நடத்தியது அவள் ஆபீஸ். அவள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள்; அவளுக்குக் கிடைத்த முதல் வேலை அது; அதில் அவள் எழுதிய முதல் கடை இது. 'சோறு, குழம்பு, முட்டை: முப்பது. ஊரே விலை ஏறினாலும் இங்கே ஏறாது.' எழுதும்போது அத்தனை பெருமை.

இருக்காதா பின்னே? கல்லூரியில் சேர்ந்த வாரம், முப்பதைக் கைக்குள் பொத்திக்கொண்டு வாசலில் தயங்கி நின்றவளை, "சாப்பாடே அவ்வளவுதான், உக்காரு" என்று இழுத்து உட்கார வைத்தவள் இந்த அக்கா.

பக்கத்து பெஞ்சில் இருந்த மூட்டை தூக்குபவர் கை கழுவிவிட்டு வந்து நூறு நோட்டை நீட்டினார். அக்கா கொடுத்த ஒற்றை நாணயத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டவர், பேச்சு வேறு மாதிரி போவதைப் பார்த்து வாசல் தூணோரமே நின்றுவிட்டார்.

அவள் கைப்பேசியை நிமிர்த்திப் பயணிகளின் புகார்களைப் படித்தாள். "கேளுங்க. 'போட்டிருக்கிற விலை முப்பது, வாங்கின காசு தொண்ணூறு.' இது போன வாரம். 'முதுகுல பையைப் பாத்ததும் விலை மூணு மடங்கு.' இது நேத்து. இதுவரைக்கும் பதினோரு பேர், அக்கா. பதினோரு பேர்!"

அக்காவின் சிரிப்பு காணாமல் போனது. "அவங்கதான் தினம் வந்து போனைக் காட்டிக் காட்டிச் சண்டைக்கு நிக்கிறாங்களே. யாருடி உன்னை விலையெல்லாம் எழுதச் சொன்னது?"

"ஓகோ. எழுதினது என் தப்பா?"

நேரம் பார்த்தாற்போல், பெரிய பெரிய பைகளோடு மூலையில் உட்கார்ந்திருந்த இருவர் எழுந்து வந்தார்கள். எவ்வளவு என்று கேட்டார்கள். அக்கா அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஆளுக்குத் தொண்ணூறு."

அவர்கள் கொடுத்துவிட்டுப் போகும்வரைதான் அவளால் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க முடிந்தது.

"என் கண்ணு முன்னாடியே! அதே சோறு, அதே முட்டை. உள்ளூர்க்காரங்களுக்கு ஒண்ணு, வெளியூர்க்காரங்களுக்கு ஒண்ணு, இல்ல? எடிட்டர் சந்தேகப்பட்டப்ப அவர்கிட்ட எவ்வளவு மல்லுக்கு நின்னேன் தெரியுமா? 'எங்க அக்கா ஒரு பைசா ஏமாத்த மாட்டாங்க'ன்னு சத்தியம் பண்ணாத குறை. என் மூஞ்சில நல்லாக் கரியைப் பூசினீங்க."

"கத்தாதே, உக்காரு. தண்ணி குடி."

"பதில் சொல்லுங்க."

அக்கா முந்தானையால் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். "உன் ரோஷம் எனக்குத் தெரியும்டி. உங்கிட்ட சில விஷயம் சொல்ல முடியாது."

"சொல்றதுக்கு ஏதாவது இருந்தாத்தானே!"

தான் சாப்பிட்ட தட்டுக்குக் கீழே தொண்ணூறை வைத்தாள். "எனக்கும் அதே விலையா இருக்கட்டும்."

"ஏய், இதென்னடி… முப்பது போதும். எடு."

அவள் எடுக்கவில்லை. திரும்பி நடந்தாள்.

பேருந்து நிலையத்து வாசலில் இருக்கும் கடை. பையோடு இறங்குகிறவர்கள் வரவில்லையென்றால் அடுப்பை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அது அக்காவுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தெரிந்தேதான், 'விலையில் ஏமாற்றும் கடை, போகாதீர்கள்' என்ற சிவப்பு முத்திரையைக் காலையிலேயே தயாராக வைத்திருந்தாள். ஒருமுறை போட்டால் போட்டவளே நினைத்தாலும் அழிக்க முடியாத முத்திரை.

வாசற்படியில் ஒரு காலை வைத்தபடியே விரலால் அழுத்தினாள். 'வெளியிடப்பட்டது' என்றது கைப்பேசி.

தூணோரம் நின்றிருந்த மூட்டை தூக்குபவர் அவளுக்கு வழிவிடவில்லை.

"ஏம்மா, நாங்க குடுக்கறதும் தொண்ணூறுதான். முப்பது உனக்கு மட்டும்தாம்மா."