பேனரில் தொங்கிய கை

கதவு அகலத்துக்கு இருந்தது அவளுடைய கை.

உடற்பயிற்சிக் கூடத்தின் வாசலில் புதிதாகக் கட்டிய பேனரில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே தொளதொளவென்று தொங்கியது. கீழே சிவப்பு எழுத்தில் 'முன்' என்று போட்டிருந்தார்கள். பக்கத்தில் 'பின்' என்ற கட்டம் காலி. அதற்குள் 'விரைவில்' என்று எழுதியிருந்தது.

தலையை வெட்டிவிட்டிருந்தார்கள். என்ன பிரயோஜனம்? அந்த நீலப் பூப்போட்ட சட்டையைத் தெரியாதவர்கள் அந்தத் தெருவிலேயே கிடையாது.

அவள் விறுவிறுவென்று படியேறினாள். பக்கத்து வீட்டுக்காரியை வீட்டில் உட்கார வைத்துவிட்டு வந்திருந்தாள். கையில் இருப்பது நாற்பது நிமிடம். அதற்குள் அந்தப் படத்தை இறக்க வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

படம் எடுத்தவன் கணவன். மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவளைப் பின்னாலிருந்து எடுத்து, "கொடியில எக்ஸ்ட்ராவா ரெண்டு தொங்குது" என்று எழுதிக் குடும்பக் குழுவில் போட்டான். பதினேழு பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதலில் விழுந்தது நாத்தனார்.

அடுத்த வாரம் கல்யாண நாள். பரிசு என்று இந்தக் கூடத்தின் ஒரு வருட அட்டையை நீட்டினான். சேரும் படிவத்தோடு அந்தப் படத்தையும் இணைத்துக் கொடுத்திருக்கிறான் என்பது இன்றைக்குத்தான் தெரிகிறது.

மூன்றே மூன்று நாள் வந்தாள். நான்காம் நாளிலிருந்து வீட்டை விட்டு நகர முடியாமல் போயிற்று.

"அட்டை வீணாப் போகுதே அண்ணி" என்று நாத்தனார் வாங்கிக்கொண்டாள். எட்டு மாதமாக அண்ணி பெயரில் தினமும் ஆஜர். வீட்டில் வந்து ஒரு கை பிடி என்றால் மட்டும் நாத்தனாருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

உள்ளே மாஸ்டர் கண்ணாடியைப் பார்த்தபடி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். பின்னால் நிற்கும் முப்பது பெண்களும் கண்ணாடியில் தெரியத்தான் செய்வார்கள். ஆனால் தானே முன்னால் நிற்கும்போது வேறு யாராவது அவர் கண்ணில் பட்டதாகச் சரித்திரம் இல்லை. போட்டிருந்த பனியனிலும் அவர் படமே. ஆக மொத்தம் மூன்று மாஸ்டர்கள்.

"கைதான் உங்க தன்னம்பிக்கை! தூக்குங்க! சிரிச்சுக்கிட்டே தூக்குங்க!"

கடைசி வரிசையில் நாத்தனார் இரண்டு ரோஸ் நிற டம்பெல்களைச் சிரித்துக்கொண்டே தூக்கினாள். சேர்ந்த அன்றைக்கு எப்படி ஆடியதோ, அப்படியே விசுவாசமாக ஆடியது அவள் கைச் சதை. கண்ணாடியில் அண்ணியைக் கண்டதும் சிரிப்பு மட்டும் நின்றது.

"மாஸ்டர், வாசல்ல இருக்கற படத்த இறக்குங்க. அது என் கை. யாரக் கேட்டு மாட்டினீங்க?"

மாஸ்டர் முன்மேசைக்கு வந்து கம்ப்யூட்டரைத் தட்டினார். அவள் பெயர் வந்தது. எதிரே, வருகை நூற்றுத் தொண்ணூற்றாறு.

அவளுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. ஒரு வேலையை முடித்தே ஆக வேண்டும் என்றால் சட்டைக் கையைச் சுருட்டிக்கொள்வது இப்போதெல்லாம் பழக்கம். தோள் வரை சுருட்டினாள்.

மாஸ்டர் வாயைப் பிளந்தார். பாட்டை நிறுத்தச் சொன்னார்.

முறுக்கிப் பிழிந்த போர்வை போல இருந்தன இரண்டு கைகளும். ஒரு இடத்திலும் தொங்கல் இல்லை, ஆட்டம் இல்லை.

"பாருங்க எல்லாரும்! நூத்துத் தொண்ணூத்தாறு நாள்! இதுதாம்மா நம்ம பயிற்சி!"

"நான் வந்ததே மூணு நாள்."

"இந்தத் தன்னடக்கம் இருக்கே..." மாஸ்டர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். கை, பனியனில் இருந்த மாஸ்டரின் மூக்கை மூடியது.

முப்பது பேரும் கை தட்டினார்கள். நாத்தனாரும் தட்டினாள், சத்தம் வராமல்.

மாஸ்டர் செல்போனை எடுத்துக்கொண்டு வாசலை மறித்து நின்றார். 'பின்' படம் இல்லாமல் விடுவதாக இல்லை. முன் படம் இருந்தால்தானே பின் படத்துக்கு மரியாதை என்றார். அந்தக் கோபத்தைக் கலைக்காமல் அப்படியே வைத்துக்கொள்ளும்படியும் கேட்டுக்கொண்டார்.

அவள் சுவரில் கடிகாரத்தைப் பார்த்தாள்.

நேரே போய், அவருடைய இரண்டு பாதங்களுக்கு நடுவே தன் வலது காலை ஊன்றினாள். முழங்காலை முழங்காலோடு முட்டுக் கொடுத்தாள். அக்குள்களுக்கு அடியில் கைகளைக் கொடுத்து முதுகுக்குப் பின்னால் கோத்தாள்.

"ஒண்ணு, ரெண்டு..."

எண்பத்திரண்டு கிலோ தன்னம்பிக்கை தரையை விட்டு எழும்பியது. கால் வட்டம் திரும்பியது. ஓரத்தில் கிடந்த நாற்காலியில் பொத்தென்று விழாமல், பதமாக உட்கார்ந்தது. செல்போன்கூடக் கீழே விழவில்லை.

மாஸ்டருக்கு மூச்சு வந்தது. கண்கள் கண்ணாடியைத் தேடின.

அவள் கைகள் அதோடு நிற்கவில்லை. மேசையில் கிடந்த துண்டைச் சுருட்டி, அவர் சாய்ந்துவிடாதபடி இடது விலாவில் அண்டைக் கொடுத்தன. அவருடைய இடது கையை எடுத்து மடியில் பத்திரமாக வைத்தன. துண்டின் நுனியால் வாயின் இடது ஓரத்தைத் துடைத்துவிட்டன.

துடைத்த பிறகுதான், உட்கார்ந்திருப்பது யார் என்று அவளுக்கு உறைத்தது.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. கடைசி வரிசையில் நாத்தனார் மட்டும் டம்பெல்களைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவள் வெளியே வந்தாள். பேனரின் நான்கு முடிச்சுகளையும் தானே அவிழ்த்தாள். அந்தக் கையைச் சுருட்டி இந்தக் கையில் இடுக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

எட்டு மாதமாக இடது பக்கம் விளங்காமல் கிடக்கும், அந்தப் படத்தை எடுத்தவனை வலது பக்கமாகத் திருப்பிப் படுக்க வைக்க இன்னும் பதினோரு நிமிடம் இருந்தது.