லிபினா வளைவில் கரடி

"லிபினா வளைவுல கரடி! ரெண்டு கரடி, கையில ஹேர் டிரையர்! மெதுவா வாங்க நண்பர்களே, பாதை அகலமா அமையட்டும்!"

வண்டி ஓட்டிகள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிற சிபி ரேடியோ வேனுக்குள் அலறியதும் லெஷெக் பிரேக்கை மிதித்தான். பின்னாலிருந்த முட்டைகள் ஒருமுறை முன்னால் வந்துவிட்டுத் திரும்பிப் போயின. திரும்பிப் போகாதவையும் சில இருந்தன.

கரடி என்றால் போலீஸ். ஹேர் டிரையர் என்றால் வேகம் அளக்கிற துப்பாக்கி. பாதை அகலமாக அமையட்டும் என்பது ரேடியோக்காரர்கள் விடைபெறும்போது சொல்கிற வாழ்த்து. போலந்தில் வண்டி ஓட்டுகிற எவனுக்கும் இதற்கு அகராதி வேண்டாம்.

வளைவில் கரடியும் இல்லை, கரடிக்குட்டியும் இல்லை. வழக்கம்போல.

லெஷெக் மைக்கைப் பிடுங்கினான். "டேய் புளுகா! என்னைக்காவது நீ மாட்டினேன்னா உன் ஆன்டெனாவைப் பிடுங்கி உன் கழுத்துலயே மாலையாப் போடுவேன்!"

பின்னால் வந்த லாரிக்காரர்கள் இதை ஆமோதித்தார்கள், அச்சில் ஏற்ற முடியாத சொற்களில்.

அவன் கோபத்தில் நியாயம் இருந்தது. இன்னொரு முறை வேகத்துக்காகப் பிடிபட்டால் லைசன்ஸ் காலி என்கிற நிலையில்தான் ரேடியோவே வாங்கினான். லைசன்ஸ் போய்விட்டால் ராதோம் நகரத்துக் கடைகளுக்கு முட்டையைத் தலையிலா சுமப்பது?

பொருத்திக் கொடுத்தவன் மைத்துனன் வித்தெக். வேன் கூரையின் நடுவில் ஓட்டை போட்டு ஆன்டெனாவை நட்டான். பிறகு ஒரு மீட்டரைச் செருகிப் பார்த்துப் பார்த்து, அதன் நீளத்தை மயிரிழை மயிரிழையாகக் குறைத்தான்.

"இதைச் சரிபண்ணாமப் பேசினா பெட்டி புகைஞ்சிடும் அத்தான். அப்புறம், ரேடியோவுல இருக்கிற இந்த முள்ளைப் பாருங்க. பேசுறவன் பக்கத்துல போகப் போக முள்ளு ஏறும்."

அந்த முள்தான் லெஷெக்கைத் துப்பறிவாளன் ஆக்கியது. மறுநாள் காலை அதே குரல் வந்ததும், முள்ளைப் பார்த்துக்கொண்டே ஊர்ந்தான். லிபினா மாதா கோயில் மதிலருகே அது கடைசிவரை ஏறி முட்டிக்கொண்டு நின்றது.

அங்கே இருந்தவை மூன்று: கோயில், பள்ளிக்கூடம், பெனெக்கின் மளிகைக் கடை. கோயில் பொய் சொல்லாது. பள்ளிக்கூடத்துக்கு நேரமில்லை. மிச்சம் பெனெக்.

"நீதானே அந்தப் புளுகன்?"

"என்கிட்ட ரேடியோவே இல்லப்பா. பொண்டாட்டி இருக்கா, அது போதாதா?"

"நடிக்காத. ஈஸ்டருக்கு உனக்கு ஒரு முட்டைகூடக் கிடையாது!"

வீட்டுக்கு வீடு முட்டைக்கு வண்ணம் தீட்டுகிற ஈஸ்டருக்கு முட்டையில்லாத கடைக்காரனைப் பார்த்தால் எதிரிகூடப் பரிதாபப்படுவான். லெஷெக்குக்கும் உறுத்தியது.

ஈஸ்டருக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும். சொந்த ஊர்ச் சாமியார் இவனிடம் முட்டை வாங்குகிறவர். அவரிடம் பாவத்தைச் சொன்னால் முட்டையின் மேலும் சந்தேகம் வரும். ஆகவே, போகிற வழியிலிருந்த லிபினா கோயிலில் போய் மண்டியிட்டான்.

"சாமி, ரேடியோவுல ஒருத்தனை அசிங்கமாத் திட்டிட்டேன்."

சாமியார் உட்கார்ந்திருந்த மரக்கூண்டுக்குள் இருமல் கேட்டது. "ம். அப்புறம்?" கிசுகிசுப்பான குரல்.

"கடைக்கார பெனெக்குக்கு முட்டை தரலை. அப்புறம்... நாளையிலிருந்து அந்த வளைவுல பிரேக் போடுறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். அது பாவமான்னு தெரியல."

கூண்டுக்குள் நாற்காலி கிறீச்சிட்டது.

"பெனெக்குக்கு நாளைக்கே முட்டை கொடு. மூணு தடவை அருள் நிறைந்த மரியே செபம் சொல்லு." சாமியார் பாவமன்னிப்பு வழங்கி முடித்தார். "சமாதானமாப் போ, மகனே. மெதுவாப் போ. பாதை அகலமா அமையட்டும்!"

நரகத்துக்குப் போகிற பாதைதான் அகலமானது என்று பிரசங்கம் செய்கிற இடத்திலிருந்து ரேடியோக்காரர்களின் வாழ்த்தா? லெஷெக் எழுந்த வேகத்தில் முழங்கால் பலகை முனகியது.

"சாமி... நீங்களா?"

"மெதுவாப் பேசு. பின்னால வரிசை நிக்குது."

"சாமியார் பொய் சொல்லலாமா?"

"கூடாது. வாராவாரம் பக்கத்துப் பங்குச் சாமியார்கிட்ட மண்டிபோட்டுச் சொல்றேன். அவரும் இந்த வழியாத்தான் கார் ஓட்டுறார். பாதி மன்னிப்பு, பாதி திட்டு."

"எதுக்கு சாமி இதெல்லாம்?"

"காலையில பள்ளிக்கூடப் பிள்ளைங்க அந்த வளைவுலதான் ரோட்டைத் தாண்டுது. வேகம் பாவம்னு வருஷக்கணக்காப் பிரசங்கம் பண்ணேன். கடவுளுக்குப் பயந்து ஒருத்தனும் ஆக்சிலேட்டர்லேருந்து காலை எடுக்கல. கொட்டகையில நிக்கிற என் காருக்குள்ள உக்காந்து, ரேடியோவுல கரடின்னு ஒரு வார்த்தை சொன்னேன். ரோடே திருவிழா ஊர்வலம் மாதிரி நகர்ந்துச்சு."

லெஷெக் தலையைச் சொறிந்தான். "பரிகாரம் மூணு அருள் நிறைந்த மரியே மட்டும்தானே?"

"முதல்ல அப்படித்தான் இருந்துச்சு," என்றது கூண்டு. "ஆனா இப்போ உனக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு. என் குரலும் பழசாயிடுச்சு. பாதிப் பேர் நம்புறதில்ல."

மறுநாள் காலை, பெனெக்கின் கடையில் முட்டை இறக்கிவிட்டு வேனில் ஏறிய லெஷெக் மைக்கை எடுத்தான்.

"லிபினா வளைவுல கரடி! கையில ஹேர் டிரையர்!"

லாரிகள் ஒவ்வொன்றாகத் தயங்கின. முதுகுப் பை ஆட ஆடப் பிள்ளைகள் தாண்டிப் போனார்கள். கடைசிப் பிள்ளையும் போன பிறகு ரேடியோ கரகரத்தது. மைத்துனன் வித்தெக்கின் குரல்.

"எவன்டா அந்தப் புதுப் புளுகன்? நீ மாட்டினேன்னா உன் ஆன்டெனாவைப் பிடுங்கி எறியறேன் பாரு!"

நட்டவனே சொல்கிறான். லெஷெக் தொண்டையைச் செருமி, குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டான்.

"பாதை அகலமா அமையட்டும், மகனே."