கூரைக் காவல்

இருட்டிய பிறகு பின்சந்தில் 'டங்... டங்...' என்று தகரம் அடிபடும் சத்தம். என் வாசலில் வந்து நின்றது. தொட்டிலுக்கு முன்னால் நின்றுகொண்டு, அடுப்புக் கிளறும் கம்பியை எடுத்தேன்.

கதவுக்குத் தாழ் போடவில்லை. இன்று எங்கள் கூட்டுறவுச் சங்கத் தையல் ஆலையின் கூரையில் எனக்குக் காவல் முறை. கல்யாண சூட் தைத்த ஆலை, இப்போது முழுக்கப் பட்டாளத்துச் சட்டை. ஜெர்மன்காரன் தீக்குண்டு போட்டால் மணல் கொட்டி அணைக்க வேண்டும். கணவர் கப்பலில். குழந்தை டெரன்ஸ் தனியாகத் தூங்குவான். அபாயச் சங்கு ஊதினால் யாராவது உள்ளே வந்து அவனைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமே, அதனால் தாழில்லை.

கதவு திறந்தது. மிசஸ் ஹாஸ்லம். தலையில் கவிழ்த்த பால் சட்டி, அது விழாமல் துணியால் தாடையில் ஒரு முடிச்சு, கையில் வாளி.

எங்கள் ஆலையில் காவலுக்குப் பேர் கொடுக்காத ஒரே ஆள் இவர்தான். எந்தப் போரும் கூடாது என்று சமாதானத்துக்காகச் சட்டையில் வெள்ளைப் பூ குத்திக்கொள்கிறவர். பட்டாளத்துச் சட்டைக்குக் காவல் இருக்க மாட்டேன் என்று சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார். ஆலை எல்லோருக்கும் சொந்தம், உங்களுக்கு மட்டும் என்ன சலுகை என்று கேட்டார்கள். மேஸ்திரி ஆக்டன், "விடுங்கப்பா, குண்டு விழுந்தா அம்மா பூவைக் காட்டியே அணைச்சிருவாங்க" என்றார். கூடமே சிரித்தது.

"உன் இரும்புத் தொப்பியக் குடு பொண்ணே. இந்தச் சட்டி காதை அறுக்குது. நீ தூங்கு, நான் போறேன்."

"நீங்கதான் மாட்டேன்னீங்களே?"

"சட்டைக்கு இப்பவும் மாட்டேன். நான் காக்கிறது தொட்டிலை. அதுக்குக் கூரை மேல ஏறித்தான் ஆகணும்னா என்ன செய்ய?"

யாராவது கேட்டால் என் பேரைச் சொல்லிக்கொள்வாராம். அது பொய்யாயிற்றே என்றேன்; கத்தோலிக்கக் கான்வென்ட் சிஸ்டர்கள் அப்படி வளர்த்துவிட்டார்கள்.

"பாவத்த உங்க சாமியார்கிட்ட நீயே சொல்லிக்க. எங்க சபையில அந்த வசதி இல்ல."

பால் சட்டியை என் மேசைமேல் கழற்றி வைத்துவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அன்னிக்கே பேர் குடுத்திருக்கலாமே. இவ்வளவு பேச்சு வாங்கியிருக்க வேண்டாம்."

"குடுத்திருந்தா எனக்குன்னு ஒரு ராத்திரி வந்திருக்கும். அதே ராத்திரி முறை வர்ற பிள்ளைக்காரிக்கு அப்புறம் யாரு போறது? நேத்து நோராவுக்குப் போனேன், நாளைக்கு வின்னிக்கு. மாட்டேன்னு சொன்னவளை எவனும் கூரையில தேட மாட்டான்."

வாளியோடு இருட்டில் இறங்கிப் போனார்.

காவல் முறை வந்த ராத்திரியில் முதல்முறையாக, கதவை உள்ளேயிருந்து தாழிட்டேன்.